இறுகிப்போன ஜாவா 250: எதை வெட்டினேன், எதைக் காப்பாற்றினேன்

பல ஆண்டுகள் மழையில் நின்ற ஜாவா 250 மோட்டார் சைக்கிள் ஒருவழியாக ஓடுகிறது. 353 வகை வண்டி. 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள். கைக்கு வந்தபோது பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. புகைக்குழாயை இறுக்கும் வளைய நட்டுகள் அசையவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அச்சாக நிற்கும் பின், சட்டத்தின் ஒரு பகுதிபோலவே ஆகியிருந்தது. கார்புரேட்டரில் காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடும் மேலே வர மறுத்தது. உதிரிபாகம் கிடைப்பதும் சுலபமில்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த இந்த வகை, 1960களின் தொடக்கத்திலிருந்து மைசூரிலும் தயாரானது; அந்த ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. இன்று கையில் கிடைப்பது பழைய இருப்பாக இருக்கும், அல்லது யாரோ புதிதாக வார்த்த நகலாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால் நாமே கடைந்துகொள்ள வேண்டியதுதான்.

சுத்தியலைத் தொடுவதற்கு முன்பு ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டேன். முதல் பத்தியில், எண் சொன்னால் எங்கும் கிடைப்பவை: பேரிங், ஆயில் சீல், ஸ்பார்க் பிளக். இரண்டாவதில், தேடினால் நகலாவது கிடைப்பவை: பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட், கார்க் பதித்த கிளட்ச் தட்டுகள். மூன்றாவதில், உடைந்தால் உடைந்ததுதான் என்பவை: சிலிண்டர், வளைய நட்டு, ஸ்விங் ஆர்ம் பின், கார்புரேட்டரின் உடல். எங்கே வெட்டுவது என்ற கேள்வி வந்தபோதெல்லாம் இந்தத் தாளையே பார்த்தேன். முதல் இரண்டு பத்திகளில் உள்ள எதையும் பலிகொடுக்கலாம். மூன்றாவது பத்தியில் உள்ளதை வெட்டத்தான் வேண்டும் என்றால், அதன் எல்லா அளவுகளையும் குறித்துக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும். இறுகிப்போன பாகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், அதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே வரைபடம்.

முதல் வேலை வளைய நட்டுகள். அவை சிலிண்டரின் வார்ப்பிரும்பில் மரையோடு உட்காருபவை. விளிம்பில் வெட்டுகள் இருக்கும், கொக்கி ஸ்பேனர் போட்டுத் திருப்ப வேண்டும். முன்பு யாரோ உளியை வைத்துத் தட்டியதில், ஒரு நட்டின் வெட்டுகள் சிதைந்திருந்தன. உளி எப்போதும் ஒரு பக்கமாகவே தள்ளும். நட்டு நீள்வட்டமாகி இன்னும் இறுகும். பைப் ரெஞ்சும் அதைத்தான் செய்யும். ஆகவே 8 மி.மீ. இரும்புப் பட்டையில் வளைவு வெட்டி, நட்டின் விளிம்பில் எதிரெதிரே உள்ள இரண்டு வெட்டுகளிலும் ஒரே நேரத்தில் மாட்டும்படி பற்கள் வைத்து ஒரு ஸ்பேனர் செய்துகொண்டேன். கைப்பிடி ஏறக்குறைய 60 செ.மீ.

ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டது பலன் தரவில்லை. பலன் தந்தது மெழுகுவர்த்தி. நட்டைச் சுற்றியுள்ள சிலிண்டர் பகுதியை மட்டும் கேஸ் தீயில் சூடாக்கி, தீயை விலக்கி, மெழுகுவர்த்தியின் நுனியை மரை தொடங்கும் கோட்டில் வைத்தால், உருகிய மெழுகு நூல்போல உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும். ஆறிய பிறகு மீண்டும் சூடாக்கி மீண்டும் மெழுகு. பிறகு ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்து, அதன் பின்பே கழற்றும் பக்கம் திருப்பினேன். நல்ல நட்டு முழுதாக வந்தது. சிதைந்தது வரவில்லை. அதை ஹாக்சா பிளேடால் உள்ளிருந்து அறுத்தேன். மரையைத் தொடுவதற்கு ஒரு முடியளவு முன்பே நிறுத்தி, அறுத்த இடத்தில் சிறிய உளியால் உட்பக்கமாக மடக்கியதும் நட்டு சுருங்கிக் கழன்றது. சிலிண்டரின் மரைக்குக் கீறல் இல்லை. முழுதாக வந்த நட்டை மாதிரியாகக் கொடுத்து, இரண்டாவதை லேத்தில் கடைந்து வாங்கினேன்.

இனி பிஸ்டன். வெர்னியரின் ஆழக்கம்பியை மேலிருந்து இறக்கிப் பார்த்தபோது, பிஸ்டனின் உச்சி ஏறக்குறைய 55 மி.மீ. கீழே நின்றது. அதாவது புகை வெளியேறும் வழி கொஞ்சம் திறந்த நிலை. தண்ணீர் வந்த வழியும் அதுதான். கிரீஸ் கன் முறையைப் பலர் சொல்வார்கள்: ஸ்பார்க் பிளக் துளையில் நிப்பிள் பொருத்தி கிரீஸை அடித்தால், அந்த அழுத்தமே பிஸ்டனைத் தள்ளும். நல்ல முறைதான். 65 மி.மீ. போரின் பரப்பு 33 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் வந்தாலே பிஸ்டன் மீது ஒரு டன் எடை விழும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில், சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் எல்லா வழிகளையும் பிஸ்டன் மூடியிருக்கும் உயரத்தில் நின்றால்தான் இது நடக்கும். என் பிஸ்டன் நின்ற இடத்தில் கிரீஸ் முழுவதும் புகைவழியே பிதுங்கி வெளியேறியிருக்கும்.

சூடாக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எல்லாவற்றையும் சூடாக்கினால் இளகும் என்று எண்ணுவது இயல்பு. இங்கே வெளியே இருப்பது வார்ப்பிரும்பு, உள்ளே இருப்பது அலுமினியம். 65 மி.மீ. அளவில் 100 டிகிரி சூடு ஏறினால் இரும்பு சுமார் 0.07 மி.மீ. விரியும், அலுமினியம் 0.15 மி.மீ. விரியும். இரண்டும் ஒன்றாகச் சூடானால் பிஸ்டன் முன்பைவிட இறுக்கமாகும். சிலிண்டர் வெளியிலிருந்து வேகமாகச் சூடேற வேண்டும், பிஸ்டன் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதற்காகப் பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டு பிஸ்டன் உச்சியில் வைத்துவிட்டு, ஃபின்களைச் சுற்றித் தீயை ஓட்டினேன். சிலிண்டரில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் ஐஸை எடுத்துவிட்டுத் தள்ள வேண்டும். அந்த இடைவெளி ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நிற்காது.

தள்ளுவதற்கான கருவி எளிமையானது. 12 மி.மீ. இரும்புத் தகடு. ஹெட்டை இறுக்கும் அதே நான்கு இடங்களில் அதைப் பிடித்துவைக்கலாம். நடுவில் எம்16 நட்டு வெல்டிங் செய்து, அதில் நீளமான போல்ட். போல்ட் நேராக பிஸ்டனில் குத்தாமல் இருக்க, 60 மி.மீ. விட்டத்தில் 25 மி.மீ. தடிமனான அலுமினிய வட்டு. அதன் அடியை லேத்தில் குடைந்து, சுமை பிஸ்டன் உச்சியின் ஓரத்தில் மட்டும் உட்காரும்படி செய்தேன். எப்படியும் தூக்கிப்போடப்போகும் பிஸ்டனுக்கு எதற்கு இந்தக் கவனம் என்றால், உச்சியின் நடு உடைந்து உள்ளே விழுந்துவிட்டால், ரிங் பகுதி மட்டும் வளையமாகச் சிலிண்டரில் தங்கிவிடும். அதை எடுப்பது போரைக் கீறாமல் முடியாது. எம்16 போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் சுமார் 3 டன் விசை கிடைக்கும். அதற்கு மேல் போக வேண்டாம் என்று எனக்கு நானே எல்லை வைத்துக்கொண்டேன்.

இந்த முறையில் மிக முக்கியமானது, தள்ளுவதற்கு முன் சிலிண்டரின் அடி நட்டுகளைக் கழற்றிவிடுவது. எஞ்சினை இறக்கி மேசையில் வைத்திருந்தேன். கிராங்கும் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) துருவால் சுற்றவில்லை. அடி நட்டுகள் இறுக்கமாக இருக்கும்போது பிஸ்டனைத் தள்ளினால், அந்த மூன்று டன்னும் கனெக்டிங் ராட் வழியாக, கிராங்கைச் சுற்றியுள்ள பெட்டியான கிராங்க்கேஸில் இறங்கும். அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. அடி நட்டுகள் இல்லையென்றால், விசை தகட்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலேயே அடங்கிவிடும். பிஸ்டன் அங்கேயே நிற்க, சிலிண்டர் மேலே ஏறும்.

கீழ்நோக்கித் தள்ளுவதற்கும் காரணம் உண்டு. பிஸ்டனுக்கு மேலே போர் முழுதும் சிவந்த துரு. கீழே பழைய எண்ணெய்ப் படலம் காத்த வழவழப்பான சுவர். பிஸ்டன் போக வேண்டியது அந்தச் சுவர் பக்கம்.

தானியங்கி கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்து, பிஸ்டனின் ஓரத்தைச் சுற்றி ஊற்றி ஊறவைத்தேன். தீ பிடிக்கும் கலவை என்பதால், சூடாக்கும் நாளுக்கு முன்பே முழுவதும் துடைத்து, காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். போல்ட்டை இறுக்கி அப்படியே சுமையோடு விட்டுவைத்தேன். அசையவில்லை. ஐஸும் தீயும் சேர்ந்த பிறகும் முதலில் ஒன்றுமில்லை. அடுத்த சூட்டில், சிலிண்டரின் பக்கவாட்டில் செம்புச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தபோது, கல் பிளப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. போல்ட் கையில் இலகுவாகிவிட்டது. சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்ததும் வந்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் இழுத்துவிடத் தோன்றும், செய்யக்கூடாது. ஆறவிட்டு, எண்ணெய் ஊற்றி, கால் சுற்று இறுக்குவதும் கொஞ்சம் விடுவதுமாகச் சிலிண்டரை ஏற்றினேன். போல்ட்டின் நீளம் தீர்ந்ததும் வட்டுக்கு மேல் துண்டுகள் அடுக்கினேன். சிலிண்டர் முழுதாக வந்தது. பிஸ்டனின் ஒரு பக்கத்தில் ரிங்கும் அதன் பள்ளமும் வெண்மையான தூளோடு ஒரே பொருளாகியிருந்தன.

போரை மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளந்தேன். பெரிய அளவு 65.38. முன்பே ஒருமுறை 65.25க்குப் போர் போட்டிருக்கிறார்கள், அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிந்தது. தேய்மானத்துக்கு மட்டும் என்றால் 65.50 போதும். ஆனால் துருவின் குழிகள் அதைவிட ஆழம், 65.75க்குப் போனால்தான் சுவர் சுத்தமாகும். இந்த இடத்தில் லேத்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பிஸ்டனைக் கொண்டுவாருங்கள் தம்பி. பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கு நான் போர் போட மாட்டேன்.” நூற்றுக்கு நூறு சரி. நகல் பிஸ்டன் வந்ததும், ஸ்கர்ட் எனும் அதன் கீழ்ச்சுவரின் அடியில், பிஸ்டன் பின்னுக்குச் செங்குத்தான திசையில் மைக்ரோமீட்டரால் அளந்தோம்: 65.68. போரை 65.75இல் முடித்தார். இடைவெளி 0.07 மி.மீ. பின் துளையின் மையத்திலிருந்து உச்சிவரையிலான உயரத்தையும் பழைய பிஸ்டனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். நகல்களில் தவறு நேர்வது அங்கேதான். உயரம் மாறினால் வழிகள் திறக்கும் நேரமே மாறிவிடும்.

போர் போட்டதும் வழிகளின் விளிம்புகள் கத்திபோல் கூர்மையாகிவிடும். அவற்றைச் சிறிய கல்லால் உட்பக்கம் சரிவாகத் தேய்த்து மழுக்கியே தீர வேண்டும். இல்லையென்றால் ரிங் அதில் சிக்கி உடையும். நான் விரல் நுனியால் ஒவ்வொரு விளிம்பையும் தடவிப் பார்த்து, தோலில் எதுவும் பிடிக்காமல் போகும்வரை தேய்த்தேன். ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்தேன். ஒன்று 0.15 மட்டுமே காட்டியது. நுண்ணிய அரத்தில் ஒரு முனையை மட்டும் தேய்த்து 0.28க்குக் கொண்டுவந்தேன்.

கிராங்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கடினமான தேடல் எதுவுமில்லை. பேரிங்கின் எண் துருவில் அழிந்திருந்தது. உள்விட்டம் 25, வெளிவிட்டம் 62, அகலம் 17. அப்படியானால் அது 6305. சூடாகும் இடம் என்பதால், உள் இடைவெளி கொஞ்சம் கூடுதலான சி3 வகையைக் கேட்டு வாங்கினேன். கிராங்க்கேஸை 100 டிகிரிவரை சூடாக்கினால் 62 மி.மீ. துளை சுமார் 0.11 மி.மீ. விரிகிறது, உறைபெட்டியில் கிடந்த பேரிங் தானாகவே உள்ளே இறங்குகிறது, சுத்தியல் தேவையில்லை. கனெக்டிங் ராட், கிராங்க் பின், ரோலர்கள் எல்லாம் புதிது. பிளைவீல்களை அழுத்திப் பொருத்தி நேராக்குவது என் வேலையில்லை; அதற்கான பிரஸ்ஸும் அனுபவமும் உள்ளவரிடம் கொடுத்தேன். திரும்பி வந்ததும் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் பார்த்தேன். இரு முனைகளிலும் விலகல் 0.03க்குள் இருந்தது. ஆயில் சீலை வாங்கும்போது பழைய சீலை அளக்காமல், அது உட்காரும் துளையையும் தண்டையும் அளக்க வேண்டும். பழைய சீல் தண்டில் பள்ளம் போட்டிருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் உதடு புதிய இடத்தில் ஓடும்.

என்னை அதிகம் வாட்டியது ஸ்விங் ஆர்ம் பின்தான். பின்னின் முனையில் அடித்தால் முனை குடைக்காளானாக விரிந்துவிடும். பிறகு அது எந்தத் துளையிலும் நுழையாது. அதனால் நட்டை முனையோடு சமமாக ஏற்றிவைத்து அதன் மேல்தான் அடித்தேன். அசைவில்லை. தள்ளுவதைவிடத் திருப்புவது துருவை எளிதாக உடைக்கும் என்பதால், முனையில் பெரிய நட்டை வெல்டிங் செய்து, நீண்ட குழாய் போட்டு இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். வெல்டிங்கின் சூடு உள்ளே ஏறியதும் ஒரு பக்கம் அசைந்தது, மறுபக்கம் அசையவேயில்லை. இன்னும் திருப்பினால் பின் முறுக்கிக்கொள்ளும், அல்லது சட்டத்தின் காது கிழியும். சட்டம் மூன்றாவது பத்தியிலும் இல்லாத பொருள்; அதை இழப்பது வண்டியையே இழப்பது.

பின்னை வெட்ட முடிவு செய்தேன். அதற்கு முன் மொத்த நீளம், மரையின் நீளம், மரைப் பிட்ச், தோள்பட்டை இருக்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஸ்விங் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில், சட்டகம் இல்லாத வெறும் ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, இரண்டு பக்கமும் அறுத்தேன். கிரைண்டர் வைத்தால் சில நிமிட வேலை. ஆனால் அதன் சக்கரம் காதின் முகத்தைத் தின்றுவிடும். பொறுமையாக அறுத்ததில் இருபுற முகங்களும் தப்பின. உள்ளே மிச்சமிருந்த துண்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸில் புஷ்ஷோடு (பின்னைச் சுற்றியுள்ள உலோக உறையோடு) சேர்ந்து வெளியே வந்தது.

புதிய பின்னை ஈஎன்8 எஃகில் கடைந்து, மேற்பரப்பைக் கிரைண்டிங் செய்யச் சொன்னேன். புஷ் பாஸ்பர் வெண்கலம். விட்ட அளவுகளை இங்கே தரவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் துளை வெவ்வேறாகத் தேய்ந்திருக்கும், உங்கள் துளையைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். எனக்குப் பொருந்திய இறுக்கங்களைச் சொல்கிறேன். புஷ் வெளிவிட்டம் துளையைவிட 0.04 பெரிது. அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் ஏறக்குறைய அதே அளவு சுருங்கும். அதை எதிர்பார்த்து உள்விட்டத்தில் 0.10 மிச்சம் விட்டுக் கடையச் சொன்னேன். ஏற்றிய பிறகு, இரண்டு புஷ்களையும் ஒரே நீண்ட ரீமரால் ஒரே போக்கில் துளைத்தோம். தனித்தனியாகத் துளைத்தால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் நிற்காது. கடைசி இடைவெளி 0.04. பின்னின் நடுவில் நீளவாக்கில் துளையிட்டு, புஷ்களுக்கு நேராகக் குறுக்குத் துளைகளும் ஒரு முனையில் கிரீஸ் நிப்பிளும் வைத்தேன். கிரீஸ் போகாததால் இறுகிய பாகத்தை, கிரீஸ் போகும்படி செய்யாமல் திருப்பி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜிகோவ் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. வைஸில் பிடித்தாலே விரிசல் விடும். பெட்ரோல் உலர்ந்து பிசினாகி ஸ்லைடைப் பிடித்திருந்தது. அசிட்டோனில் ஊறவைத்து, பின் கொதிநீரில் போட்டு எடுத்ததும் கைவிரலாலேயே வெளியே வந்தது.

செலவைப் பார்த்தால், பெரும்பங்கு கிராங்குக்குப் போனது. அடுத்தது லேத் வேலை: ஒரு நட்டு, பின், புஷ்கள், அலுமினிய வட்டு. பிஸ்டனும் போர் போடுவதும் சேர்ந்தே அதற்குக் கீழே. தனி ஒரு துண்டைக் கடைவது எப்போதும் விலை கூடியது. பின்னையும் புஷ்களையும் இரண்டு ஜோடியாகக் கேட்டிருந்தால், லேத்தை அமைக்கும் நேரம் ஒன்றுதான். இரண்டாவது ஜோடி ஏறக்குறைய உலோகத்தின் விலைக்கே வந்திருக்கும்.

எஞ்சினைப் பூட்டி, பெட்ரோலில் 20க்கு 1 எண்ணெய் கலந்து, கியர் லிவரையே மடக்கிக் கிக்கராக்கி உதைத்தேன். ஜாவாவில் இரண்டுக்கும் ஒரே லிவர்தான். கொஞ்சம் திணறிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் ஓட்டங்கள் குறுகியவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு முழுதாக ஆறவிட்டு ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்க்கிறேன். வெளிர் பழுப்பு நிறம் வந்திருக்கிறது. வெளுக்கவில்லை, கறுக்கவும் இல்லை.

அடுத்த வண்டியில் வரிசையை மாற்றுவேன். ஸ்விங் ஆர்ம் பின்னை முதல் நாளே அளந்து, புதியதைக் கடையக் கொடுத்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொடுவேன். லேத் வேலைக்குக் காத்திருந்த நேரமெல்லாம் வண்டி சும்மா நின்றது. பிஸ்டனைத் தள்ளும் தகட்டில் நீளமான துளைகள் வைப்பேன், வேறு எஞ்சின்களுக்கும் அது பொருந்தும். ஆயில் சீல்களைக் கிராங்க் திரும்பி வருவதற்கு முன் வாங்க மாட்டேன். பழைய பிஸ்டன், அறுத்த நட்டு, பின்னின் மூன்று துண்டுகள் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, அளவுகள் எழுதிய சீட்டோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். இதே வகை வண்டியைப் பிரிப்பவர்களுக்கு அவை மாதிரியாக உதவும்.